ஒழிப்பும் ஒழிபும்: 1962 மலேரியா அஞ்சல் தலைகளை முன்வைத்து

1

அஞ்சல் தலையை யாரும் வாசிப்பதில்லை. எச்சில் தொட்டு ஒட்டுவதோடு சரி. கடிதம் வந்தவர் உறையைக் கிழிக்கும்போது அதுவும் சேர்ந்து கிழிகிறது. சேகரிப்பவர்களாவது வாசிக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. ஓரத்துப் பற்கள் எத்தனை, தாளில் நீர்க்குறி உண்டா, அச்சில் பிழை விழுந்திருக்கிறதா, அதனால் விலை ஏறுமா என்பதுதான் அவர்கள் கவலை. ஆனால் ஓர் அரசு தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்கிற பிரதிகளில் ஆகச் சிறியது இதுதான். பாடநூலில் என்ன எழுதியிருக்கிறது என்று சண்டை போடுகிறோம். சிலைக்காகச் சண்டை போடுகிறோம். இந்தக் கட்டைவிரல் அகலத் தாளைச் சும்மா விட்டுவிடுகிறோம். இவ்வளவு சின்ன இடத்தில் என்ன பெரிய கருத்தியல் இருந்துவிடப் போகிறது என்கிற அலட்சியம்தான் காரணம். இடம் சின்னதாக இருப்பதால்தான் எதை வைப்பது, எதைத் தள்ளுவது என்கிற தேர்வு அங்கே கறாராக நடக்கிறது என்பது என் எண்ணம்.

நடைபாதைப் பழைய புத்தகக் கடை ஒன்றில் யாரோ பள்ளிப் பருவத்தில் ஒட்டி வைத்த ஆல்பம் கிடைத்தது. அதில் ஒரு பக்கம் முழுக்கக் கொசு. வேறு வேறு நாடு, வேறு வேறு எழுத்து, வேறு வேறு நாணயம். படம் மட்டும் கிட்டத்தட்ட ஒன்றே. உலக உருண்டையின் வரைபடம், பாம்பு சுற்றிய கோல், கூடவே ஒரு கொசு. எல்லாவற்றிலும் ஆண்டு 1962.

இந்தக் கொசுக்கள் ஒன்றாகப் பறந்து வந்த கதை இதுதான். 1955இல் மெக்சிகோ நகரில் கூடிய எட்டாவது உலக சுகாதாரப் பேரவை, மலேரியாவை உலகத்திலிருந்தே ஒழித்துக்கட்டுவது என்று தீர்மானித்தது. ஏழு ஆண்டுகள் கழித்து, அந்த வேலைக்கு மக்கள் ஆதரவும் பணமும் திரட்டுவதற்காக, எல்லா நாடுகளும் அஞ்சல் தலை வெளியிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டது. 'மலேரியாவுக்கு எதிராக ஒன்றுபட்ட உலகம்' என்பது முழக்கம். ஏப்ரல் 7, உலக சுகாதார நாள், மையமான தேதி. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளும் ஆட்சிப் பகுதிகளும் வெளியிட்டன. இந்தியா அன்றைய தினமே 15 நயா பைசாவுக்கு ஒன்று போட்டது. இலங்கையும் போட்டது. அமெரிக்கா ஒரு வாரம் முந்திக்கொண்டு, மார்ச் 30ஆம் தேதியே, தன் அரசு முத்திரையையும் பக்கத்தில் வைத்து 4 சென்ட்டுக்கு வெளியிட்டது. சோவியத் ஒன்றியமும் வெளியிட்டது. இரண்டும் ஒரே கொசுவை அச்சடித்த அதே 1962இல், அக்டோபர் மாதம், கியூபாவை நடுவில் வைத்துக்கொண்டு ஒன்றை நோக்கி மற்றொன்று அணு ஏவுகணைகளை நீட்டி நின்றன. உலகம் ஒன்றுபட்டது கொசுவின் முன்னால் மட்டும்தான். கொசுவுக்குக் கட்சி கிடையாது, கொடி கிடையாது, பதில் பேச வாயும் கிடையாது. அதைவிட வசதியான எதிரி யாருக்குக் கிடைக்கும்?

2

ரொலாந் பார்த் 1957இல் 'மித்தாலஜீஸ்' நூலில் ஒரு பத்திரிகை அட்டைப்படத்தை வாசித்துக் காட்டியது நம்மில் பலருக்குத் தெரியும். பிரெஞ்சுக் கொடிக்கு வணக்கம் வைக்கும் கறுப்பினச் சிறுவனின் படம் அது. தொன்மம் பொய் சொல்வதில்லை, எதையும் மறைப்பதுமில்லை, வரலாற்றை வடித்துவிட்டு அந்த இடத்தில் இயற்கையை வைக்கிறது, அவ்வளவுதான் என்பது அங்கே அவர் சொன்னதன் சாரம். நம் கொசுவும் பொய் சொல்லவில்லை. மலேரியாவைக் கொசுதான் பரப்புகிறது. 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் கிருமியைக் கண்டதிலிருந்து இதில் சந்தேகமில்லை. கேள்வி வேறு. கொசு எங்கிருந்து வந்தது? படத்தில் அது எங்கிருந்தும் வரவில்லை. அதன் கீழே தண்ணீர் இல்லை, நிலம் இல்லை, வீடு இல்லை. வெற்றுத் தாளில் அந்தரத்தில் நிற்கிறது. 'நோய்' என்கிற குறிப்பீட்டுக்குக் 'கொசு' என்கிற ஒற்றைக் குறிப்பானைக் கட்டிவிட்டால் மற்றதெல்லாம் உதிர்ந்துபோகிறது.

முதலில் உதிர்ந்தது மனிதன். பொதுச் சின்னத்தில் காய்ச்சல்காரர் இல்லை. மருந்து அடிக்கிற கூலிக்காரர் இல்லை. ஒரு நோயைப் பற்றிய படத்தில் நோயாளி இல்லாமல் போவது சாதாரண விஷயமா?

விதிவிலக்கு உண்டு. வத்திகானும் அந்த ஆண்டு மலேரியா அஞ்சல் தலை வெளியிட்டது. அதன் இரண்டு படங்களில் ஒன்று, ரோமுக்குத் தெற்கே இருந்த பொந்தீன் சதுப்பு நிலத்தை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் போப்பாண்டவர் ஆட்சி வடியவைக்க முயன்ற வேலையைக் காட்டுகிறது. அங்கே நிலமும் நீரும் தெரிகின்றன. மலேரியா என்பது தண்ணீர் எங்கே நிற்கிறது, யார் அதை நிற்கவிட்டது என்பதோடு சேர்ந்தது என்ற பழைய அறிவு அதில் மிச்சமிருக்கிறது. வெட்டியவன் இல்லை என்பது வேறு விஷயம், அது போப்பின் புகழ் பாடும் படம். ஆனாலும் மற்ற தேசங்கள் எதைத் தள்ளிவிட்டன என்று தெரிந்துகொள்ள இந்த ஒன்று உதவுகிறது. தள்ளிவிட்டது தண்ணீரை.

3

தண்ணீரைத் தள்ளிவிட்ட கதையில் நம்மூருக்கும் ஒரு பங்கு உண்டு.

மேட்டூர் அணை 1934இல் முடிந்தது. அந்தத் திட்டத்தோடு வெட்டிய கல்லணைக் கால்வாய், தஞ்சைப் பக்கத்தில் இன்றும் 'புது ஆறு' என்று சொல்கிறார்களே அது, அதுவரை வானம் பார்த்துக் கிடந்த பட்டுக்கோட்டை வட்டாரத்துக்குக் காவிரியைக் கொண்டுவந்தது. தண்ணீர் வந்த கையோடு காய்ச்சலும் வந்தது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையைச் சேர்ந்த பால் ரஸ்ஸல் என்கிற அமெரிக்க மருத்துவர் 1930களின் பிற்பகுதியில் பட்டுக்கோட்டையில் ஆய்வு நிலையம் போட்டு உட்கார்ந்தார். டி. ராமச்சந்திர ராவ் உடன் வேலை செய்தார். அவர்கள் கண்டது என்ன? இந்தக் கொசு, அனாபிலஸ் குலிசிஃபேசிஸ், கால்வாயின் கசிவிலும், கரை போட மண் எடுத்த பள்ளங்களிலும், புதிதாக நடவான வயலிலும் முட்டையிடுகிறது. நாற்று நட்டுப் பயிர் ஒரு அடி உயரம் வளர்ந்துவிட்டால் அந்த வயலை விட்டு விலகிவிடுகிறது. அதாவது கொசுவின் காலண்டரும் நடவாட்களின் காலண்டரும் ஒன்று. 1938இல் ரஸ்ஸல் எழுதிய கட்டுரையின் தலைப்பே, குறைபாடுள்ள, ஒழுங்கற்ற பாசனத்தால் வரும் மலேரியா என்பதுதான். நோய்க்குக் காரணமாக அந்தத் தலைப்பில் கொசு இல்லை, பாசனம்தான் இருக்கிறது.

அதே பட்டுக்கோட்டையில் இன்னொரு சோதனையும் நடந்தது. கிராமத்து வீடுகளுக்குள் பைரித்ரம் மருந்தை வாராவாரம் பீய்ச்சி, உட்கார்ந்திருக்கும் கொசுவைக் கொல்வது. அதுவும் பலன் தந்தது. ஆக, ஒரே தாலுகாவில் இரண்டு பாடங்கள். ஒன்று, கால்வாயைச் சரிசெய். இரண்டு, வீட்டுக்குள் மருந்து அடி. இரண்டாம் உலகப்போர் முடிந்து டி.டி.டி. கைக்கு வந்தது. பைரித்ரத்தைப் போல வாராவாரம் அடிக்க வேண்டியதில்லை, சுவரில் அடித்தால் மாதக்கணக்கில் நிற்கும். இரத்தம் குடித்த கொசு சுவரில் போய் உட்காரும், செத்துவிடும். இப்படிச் சில ஆண்டுகள் கொசுவை இடையில் வெட்டிவிட்டால் மனித உடம்பில் இருக்கும் கிருமியும் தானாகத் தீர்ந்துபோகும் என்பது கணக்கு. ரஸ்ஸல் 1955இல் எழுதிய புத்தகத்தின் பெயர் 'மலேரியாவின் மீது மனிதனின் ஆதிக்கம்' என்ற பொருள் தருவது. உலக ஒழிப்புத் திட்டத்துக்காக வாதாடிய முக்கியமான குரல்களில் அவருடையது ஒன்று. பட்டுக்கோட்டையின் முதல் பாடம் கீழே விழுந்தது, இரண்டாவது பாடம் உலகம் சுற்றியது.

ரஸ்ஸலைக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமல்ல. யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது. கால்வாயைச் சரிசெய்வது என்றால் பொதுப்பணித் துறையைக் கேள்வி கேட்க வேண்டும். ஒப்பந்தக்காரர் தோண்டிய பள்ளத்தை யார் மூடுவது என்று கேட்க வேண்டும். யார் வயலுக்கு எவ்வளவு தண்ணீர், யார் வீட்டருகே வடிகால் என்று பேச வேண்டும். பேச ஆரம்பித்தால் மிராசும் சாதியும் கூலியும் வந்துவிடும். சுவரில் மருந்து அடிப்பதற்கு அவ்வளவு பேச்சு வேண்டாம். அரசியலைத் தொடாமல் நோயைத் தொட முடியும் என்கிற நம்பிக்கையின் படம்தான் அந்தரத்தில் நிற்கும் அந்தக் கொசு.

4

திட்டத்தின் பெயரைப் பார்ப்போம். தமிழ் படித்தவனுக்கு அங்கேதான் கை போகிறது.

இந்தியாவில் 1953இல் தொடங்கியபோது 'தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம்'. 1958இல் அது 'தேசிய மலேரியா ஒழிப்புத் திட்டம்' ஆயிற்று. கட்டுப்பாடு எப்போதும் முடியாத வேலை. ஒழிப்பு முடிந்துபோகிற வேலை. ஆனால் 'ஒழிப்பு' என்பது தொழிற்பெயர். தொழிற்பெயர் காலம் காட்டாது என்று இலக்கண வகுப்பில் படித்தோம். ஒழித்தார்களா, ஒழிக்கிறார்களா, ஒழிப்பார்களா, தெரியாது. பால் காட்டாது, இடம் காட்டாது. யார் ஒழிக்கிறார், யாருக்காக ஒழிக்கிறார் என்றும் தெரியாது. அரசாங்கத்துக்கு இந்தச் சொல் மேல் இவ்வளவு காதல் இருப்பதற்கு இதுதான் காரணமோ என்னவோ. வறுமை ஒழிப்பு, கொத்தடிமை ஒழிப்பு, தீண்டாமை ஒழிப்பு. எழுவாய் இல்லாமல் ஒரு பலகையில் எழுதி மாட்டிவிடலாம்.

அஞ்சல் தலை இந்தத் தொழிற்பெயரின் படவடிவம். வினைமுற்று அங்கே வராது. 1962இல் அது ஒரு வாக்குறுதியாக அச்சானது. பார்க்கிறவருக்கோ முடிந்துவிட்ட காரியம் போலத் தோன்றியது. திட்டத்தின் கட்டங்களுக்கு வைத்த பெயர்கள் தயாரிப்பு, தாக்குதல், உறுதிப்படுத்தல், பராமரிப்பு என்பவை. பட்டாளத்து மொழி. சூசன் சொன்டாக் 1978இல் நோயை உருவகமாக்குவது பற்றி எழுதியபோது இந்தப் போர்மொழியைத்தான் சுட்டிக்காட்டினார். போர்மொழியின் வசதி, எதிரி ஒருவன்தான் என்று நம்பவைப்பது.

எண்களைச் சொல்கிறேன். சுதந்திரம் வந்த சமயத்தில் இந்தியாவில் ஆண்டுக்கு 7.5 கோடிப் பேருக்கு மலேரியா, 8 லட்சம் சாவு என்பது மதிப்பீடு. 1965இல் பதிவானது சுமார் 1 லட்சம், சாவு இல்லை. 1976இல் 64 லட்சத்துக்கு மேல். நடுவில் 1969இல் உலக சுகாதாரப் பேரவையே, எல்லா இடத்திலும் உடனே ஒழிப்பது நடக்காது என்று ஒப்புக்கொண்டு திட்டத்தை மாற்றிக்கொண்டது. கொசு டி.டி.டி.யைத் தாங்கப் பழகிவிட்டது. நகரங்களில் வேறொரு அனாபிலஸ் கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் குடியேறியது. பணம் குறைந்தது. 1999இல் திட்டத்தின் பெயர் 'மலேரியா எதிர்ப்பு' என்று இறங்கியது, பிறகு பூச்சிகளால் பரவும் நோய்களின் 'கட்டுப்பாடு' என்று பழைய சொல்லுக்கே திரும்பியது. கட்டுப்பாடு, ஒழிப்பு, எதிர்ப்பு, மறுபடி கட்டுப்பாடு. நாலு சொல்லில் அரை நூற்றாண்டு வரலாறு. அஞ்சல் தலையில் மட்டும் 1962 அப்படியே நிற்கிறது.

'ஒழி' என்கிற வேருக்கு இன்னொரு முகம் உண்டு. பழந்தமிழில் 'ஒழிந்தவை' என்றால் மிஞ்சியவை, சொல்லாமல் விடுபட்டவை. யாப்பருங்கலக்காரிகையின் கடைசி இயல் ஒழிபியல். முன் இரண்டு இயல்களில் அடங்காமல் நின்றவற்றைச் சொல்கிற இடம். ஒழிப்பு எதையெல்லாம் விட்டுவிட்டது என்று பார்ப்பதற்கு நம் இலக்கணமே ஒரு சொல்லைத் தருகிறது, ஒழிபு.

5

விடுபட்டவர்களில் முதல் ஆள் கடிதம் எழுதியவர். 1962இல் 15 நயா பைசா என்பது உள்நாட்டுக் கடித உறைக்கான கட்டணம். அந்தக் கொசு உறையின் மேல் உட்கார்ந்தது. கிராமத்திலிருந்து எழுதுகிற கூலிக்காரருக்கு, அல்லது அவருக்காக எழுதிக்கொடுத்தவருக்கு, உறை எதற்கு? கார்டு போதும். கார்டில் அஞ்சல் தலை முன்பே அச்சாகி வரும், தனியாக எதுவும் ஒட்டத் தேவையில்லை. மலேரியா அதிகம் தாக்கியவர்கள் எழுதிய கார்டில் மலேரியாக் கொசுவுக்கு இடமே இல்லை. விழிப்புணர்வு என்று சொல்லி வெளியிட்ட படம், யாருக்கு விழிப்பு வர வேண்டுமோ அவர் கைக்குப் போயிருக்க வாய்ப்புக் குறைவு. போயிருந்தாலும் இந்தியாவின் அஞ்சல் தலை பேசும் மொழி இந்தியும் ஆங்கிலமும். பட்டுக்கோட்டைக்காரருக்கு அதில் படிக்க என்ன இருக்கிறது?

ஆப்பிரிக்காவில் இது இன்னும் அப்பட்டம். பிரான்சிடமிருந்து 1960இல் விடுதலை பெற்ற நாடுகள் பல, செனகல், நைஜர், சாட், காபோன் உள்ளிட்டவை, ஒரே அச்சில் மலேரியா அஞ்சல் தலை வெளியிட்டன. விலை 25 பிராங்க், மேலே 5 பிராங்க் நன்கொடை. சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி அந்த உலக ஒழிப்புத் திட்டத்துக்குள் சேர்க்கப்படவே இல்லை. அங்கே நோய் மிக அதிகம், இந்த முறை அங்கே செல்லாது என்பது காரணம். உலகம் ஒன்றுபட்ட படத்தில் அவர்களுக்கு இடம் இருந்தது, கூடுதல் 5 பிராங்குக்கும் இடம் இருந்தது, திட்டத்தில் இடம் இல்லை.

இரண்டாவது விடுபட்டவர் ராஸின் கொசுக்களுக்குத் தன் கையைக் கொடுத்தவர். ராஸுக்கு 1902இல் நோபல் பரிசு. அந்தக் கண்டுபிடிப்பின் நூற்றாண்டான 1997இல் இந்திய அஞ்சல் துறை அவர் படத்தோடு அஞ்சல் தலை வெளியிட்டது. செகந்திராபாத்தில் கொசு கடிக்கத் தன் உடம்பைக் கொடுத்த நோயாளி உசேன் கான். கடித்த ஒவ்வொரு கொசுவுக்கும் ஓரணா கூலி. அந்த இரத்தத்தைக் குடித்த கொசுவில்தான் ராஸ் தேடியது கிடைத்தது. ஓரணாவுக்கு இரத்தம் கொடுத்தவருக்கு எந்த அஞ்சல் தலையும் இல்லை.

மூன்றாவது, வீடு வீடாகப் போனவர்கள். இங்கே என் பாட்டி சொன்னதைச் சொல்ல வேண்டும். ஒழிப்புத் திட்டத்து ஆட்கள் தெளிப்பானோடு வருவார்களாம். அடித்து முடித்ததும் வாசல் பக்கத்துச் சுவரில் எழுத்தும் தேதியும் எழுதிவிட்டுப் போவார்கள். "கொசுவுக்காகவா கதவத் தொறந்து விட்டோம்? மூட்டப்பூச்சி சாவுதேன்னுதான் விட்டோம். அப்புறம் மூட்டப்பூச்சியும் சாவல. அடுத்த தடவ வந்தப்ப, வேணாம் போங்கன்னு சொல்லிட்டோம். சாமி ரூமுக்குள்ள மட்டும் மொதல்லேருந்தே விடல." பொங்கல் வந்தால் சுவர் முழுக்கச் சாணி மெழுகி வெள்ளையடிப்பு, மருந்தும் தேதியும் சேர்ந்து போய்விடும். உலகத் திட்டத்தின் அடிப்படையே சுவர். சுவரை மெழுகுகிற பெண்ணைப் பற்றி அந்தத் திட்டத்துக்கு என்ன தெரியும்? களத்துமேட்டில் படுத்துத் தூங்குகிறவருக்குச் சுவரே கிடையாது. சாமி அறைக்குள் தெளிப்புக்காரர் நுழையக் கூடாது, கொசு நுழையலாம். மலேரியாத் திட்டம் ஏன் தளர்ந்தது என்பதற்கான ஆராய்ச்சிகளில் சொல்கிற விஷயங்கள் பலவும் என் பாட்டியின் நாலு வாக்கியத்தில் இருக்கின்றன. சுவரில் எழுதிய அந்தத் தேதிதான் உண்மையான மலேரியாப் பிரதி என்று எனக்குத் தோன்றுகிறது. அதை யாரும் சேகரிக்கவில்லை.

6

இலங்கையைச் சொல்லாமல் இது முடியாது. 1934–35இல் அங்கே பரவிய மலேரியாவில் சுமார் 80,000 பேர் செத்தார்கள். மழை பொய்த்து ஆறுகள் ஓட்டம் நின்று குட்டை குட்டையாகத் தேங்கின. கொசு அங்கே பெருகியது. மிக மோசமாக அடிபட்டது வழக்கமாக மலேரியா இருந்த வறண்ட வலயம் அல்ல, நோய்க்குப் பழக்கமில்லாத கேகாலை போன்ற பகுதிகள். வறட்சியோடு பட்டினியும் சேர்ந்திருந்தது. அங்கே நிவாரணத்துக்குப் போன இடதுசாரி இளைஞர்கள் மருந்தோடு பருப்பும் கொண்டுபோனார்கள். என்.எம். பெரேராவுக்குப் 'பருப்பு மாத்தையா' என்று பெயரே விழுந்தது. 1935 டிசம்பரில் அவர்கள் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கினார்கள். காய்ச்சலுக்கு எதிரே பருப்பை வைத்த அந்த வாசிப்பு, 1962இன் கொசுச் சின்னத்தைவிட எவ்வளவோ முதிர்ந்தது.

போருக்குப் பின் டி.டி.டி. வந்தது. 1963இல் தீவு முழுவதிலும் பதிவான மலேரியா 17 பேருக்குத்தான். தெளிப்பை நிறுத்தினார்கள். 1969இல் ஐந்து லட்சத்தைத் தாண்டியது. இன்னொரு விளைவையும் கணக்கில் எடுக்க வேண்டும். மலேரியாதான் வறண்ட வலயத்தை ஆளற்ற காடாக வைத்திருந்த காரணங்களில் ஒன்று. கொசு விலகியதும் நிலம் திறந்தது, அரசின் குடியேற்றத் திட்டங்கள் வேகமெடுத்தன. கிழக்கே கல்லோயாவில் சிங்களக் குடியேற்றம் அப்படி வந்தது. 1956இல் அங்கே தமிழர்கள் வெட்டிக் கொல்லப்பட்டதை நாம் அறிவோம். கொலைக்குக் காரணம் டி.டி.டி. என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் கொசு போன இடத்தில் வெற்றிடம் வருவதில்லை, நிலமும் அதிகாரமும் அங்கே காத்திருக்கின்றன. அந்தரத்துக் கொசுவின் படத்தில் இதற்கு ஏது இடம்?

நாவலுக்கு இடம் இருக்கிறது. வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராக வேலை பார்த்த பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ' நாவல், இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்று வந்ததைப் படித்திருப்பீர்கள். அதில் காய்ச்சல் தனியாக வருவதில்லை. முன்பணத்தோடு வருகிறது, மேஸ்திரியோடு வருகிறது, ஒழுகும் லயத்தோடும் பத்தாத கூலியோடும் வருகிறது. மருத்துவர் எழுதிய நாவல் நோயை நுண்ணோக்கியிலிருந்து எடுத்துக் கணக்குப் புத்தகத்தில் வைத்துக் காட்டுகிறது. ஒழிபியல் என்று நான் சொல்வது இந்த மாதிரி எழுத்தைத்தான்.

7

இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை, எனக்கே. மருந்து அடித்ததால் பிழைத்தவர்கள் கோடிக்கணக்கில் உண்டு. 8 லட்சம் சாவு என்று சொன்னார்களே, அந்தச் சாவு குறைந்தது சுவரில் அடித்த மருந்தாலும் கொடுத்த மாத்திரையாலும்தான். அறிவியல் என்றால் அதிகாரம், தடுப்பு என்றால் கண்காணிப்பு என்று பூக்கோவை அரைகுறையாகப் படித்துவிட்டுக் கேலி பேசுவது சுலபம். குழந்தைக்குக் குளிர்காய்ச்சல் வந்து நடுங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவருக்கு அந்தக் கேலி உதவாது. இலங்கையை 2016இல் உலக சுகாதார நிறுவனம் மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. நீண்ட போரின் நடுவிலும் பிறகும், காய்ச்சல்காரரைத் தேடிப்போய் இரத்தம் சோதித்து, மருந்து கொடுத்து, மறுபடி தேடிப்போய் நடந்த வேலை அது. ஒழிப்பு முடியவே முடியாத விஷயம் அல்ல என்று இதைப் பார்த்துப் புரிந்துகொள்கிறேன். ஆனால் ஒழிந்தது கொசு அல்ல. அந்த நாட்டில் அனாபிலஸ் இன்னும் பறக்கிறது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு நோய் போகும் வழி அடைபட்டது. அந்த வழியில் நின்று அடைத்தவர்கள் மனிதர்கள். 1962இன் சின்னம் எதிரியைச் சரியாக அடையாளம் காட்டியிருக்கலாம். வேலையை அடையாளம் காட்டவில்லை.

இது பழைய கதை என்று யாராவது நினைத்தால் இன்றைய டெங்குப் பலகையைப் பார்க்கட்டும். கொசு மாறிவிட்டது, இப்போது ஏடிஸ். படம் மாறவில்லை, பெரிதாக்கிய கொசு, மேலே சிவப்புக் குறுக்குக்கோடு. கீழே 'உங்கள் வீட்டில் நீர் தேங்க விடாதீர்கள்'. 2017இல் தமிழ்நாட்டில் டெங்கு பரவியபோது, வீட்டில் கொசுப்புழு இருந்ததென்று உள்ளாட்சி அமைப்புகள் அபராதம் போட்டன. தண்ணீர் தேங்கக் கூடாது, சரி. குழாயில் நாலு நாளைக்கு ஒரு தரம் தண்ணீர் விட்டால் குடத்திலும் டிரம்மிலும் பிடித்து வைக்காமல் என்ன செய்வது? டிரம் ஏன் வந்தது என்று கேட்க வேண்டிய கை, டிரம்மைத் திறந்து பார்த்துச் சீட்டு எழுதுகிறது. பட்டுக்கோட்டையில் கால்வாய் காணாமல் போனது போலவே இங்கே குழாய் காணாமல் போகிறது. அன்றைக்காவது குற்றவாளி கொசு. இன்றைக்குக் குடம் தூக்குகிற பெண்.

இதை எழுதுவது அரசாங்கத்தைத் திட்டுவதற்காக மட்டும் இல்லை. நம் துண்டறிக்கைகளை எடுத்துப் பாருங்கள். நாமும் பூதம் வரைகிறோம், பாம்பு வரைகிறோம், நசுக்கும் முஷ்டி வரைகிறோம், கீழே 'ஒழிப்போம்' என்று எழுதுகிறோம். 'ஒழிப்பு' என்பதைத் தன்மைப் பன்மை வினைமுற்றாக்கியதோடு நம் புரட்சி நின்றுவிடுகிறது. எதிரி எந்தப் பள்ளத்தில் முட்டையிட்டான், பள்ளத்தை வெட்டியது யார், மூட வேண்டியது யார், மூடக் கூலி எவ்வளவு என்கிற கேள்விகள் நம் சுவரொட்டியிலும் அந்தரத்தில்தான் நிற்கின்றன. அடுத்த முறை டெங்கு வந்து, ஊர்க்கூட்டம் போட்டு, யாராவது கொசுப் படம் வரையப் போனால், அவரிடம் அந்தத் தெருக் குழாயில் தண்ணீர் வரும் நாட்களை முதலில் எழுதச் சொல்லுங்கள். படம் அப்புறம் வரையலாம். காரிகைக்காரர் ஒழிபியலைக் கடைசியில் வைத்தார். நாம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.